மூன்று மேதைகளை ஒரே மேடையில் ஏற்றுவது எப்படி?

சூப்பர் குரூப் தொடங்க ஆசையா? முதல் வேலையாக, முகத்தில் விழித்தாலே ஆகாத இரண்டு பேரைத் தேடிப்பிடியுங்கள். லண்டனில் டிரம்ஸ் வாசித்த ஜிஞ்சர் பேக்கரும் பேஸ் கிதார் வாசித்த ஜாக் புரூஸும் அதற்கென்றே பிறந்தவர்கள். கிரஹாம் பாண்ட் குழுவில் ஒன்றாக இருந்த காலத்தில் மேடையிலேயே அடிதடி. கடைசியில் பேக்கர் புரூஸைக் குழுவைவிட்டே விரட்டினார். அப்படியும் மனிதர் கச்சேரிக்கு வந்து நின்றதால் கத்தியைக் காட்ட வேண்டியதாயிற்று என்று ஒரு பேச்சு உண்டு.

அடுத்து, இந்தப் பகையின் ஆழம் தெரியாத ஒரு கிதார் நட்சத்திரம் வேண்டும். 1966-இல் ஜான் மேயாலின் குழுவில் இருந்த எரிக் கிளாப்டனிடம், காரோட்டிக்கொண்டே பேக்கர் பேச்சைத் தொடங்கினார். கிளாப்டனுக்குச் சம்மதம்தான்; ஆனால் பேஸுக்குப் புரூஸ் வந்தாக வேண்டும் என்றார். கார் எங்கேயோ போய் மோதியிருக்கும். உங்களுக்கும் இப்படி ஒரு நிபந்தனை வந்தால் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு தலையாட்டிவிடுங்கள்.

பெயரில் அடக்கம் கூடவே கூடாது. துறையின் பாலாடையே தாங்கள்தான் என்று 'கிரீம்' என வைத்துக்கொண்டார்கள்.

பாட்டு போதவில்லையா? அந்த ஜூலையில் வின்ட்சர் விழா மேடை ஏறியபோது அவர்களிடமும் சொற்பம்தான். ராபர்ட் ஜான்சன், வில்லி டிக்சன், ஸ்கிப் ஜேம்ஸ் என்று அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்களின் புளூஸ் பாட்டை எடுத்து, ரப்பராக இழுங்கள். (நோயில் கிடந்த ஸ்கிப் ஜேம்ஸுக்கு ராயல்டி போய்ச் சேர்ந்தது. இந்த ஒரு விஷயத்தை மட்டும் கிண்டலில்லாமல் பின்பற்றலாம்.) அப்படியும் நேரம் மிஞ்சினால் டிரம்ஸ்காரரிடம் தனி ஆவர்த்தனத்தை விட்டுவிட்டு மற்ற இருவரும் சிகரெட் பிடிக்கப் போகலாம். 'வீல்ஸ் ஆஃப் ஃபயர்' ஆல்பத்தில் பேக்கர் வாசித்த 'டோட்' 16 நிமிடம்.

இனி முக்கியமான பாடம், சத்தம். ஆளுயர மார்ஷல் ஆம்ப்ளிஃபயர்களை அடுக்குங்கள். பேஸ் ஏறினால் கிதாரும் ஏற வேண்டும். இரண்டும் ஏறினால் டிரம்ஸ்காரர் கை ஒடிய அடித்தாக வேண்டும். ஒருநாள் கிளாப்டன் நடுப்பாட்டில் வாசிப்பதை நிறுத்திப் பார்த்தார். மற்ற இருவரும் கவனிக்கவே இல்லை. இந்த நிலையை எட்டினால் உங்கள் பயிற்சி பூர்த்தி. 1968 நவம்பர் 26 அன்று ராயல் ஆல்பர்ட் ஹாலில் விடைபெற்றதைப் போல நீங்களும் ஒரு ஹாலைப் பிடித்துவிடலாம்.

கலைத்த கையோடு இன்னொரு குழு தொடங்குங்கள். ஸ்டீவ் வின்வுட்டுடன் கிளாப்டன் சும்மா வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்த இடத்துக்குப் பேக்கர் தானாகவே வந்து சேர்ந்தார். அதுதான் 'பிளைண்ட் ஃபெய்த்'. 1969 ஜூனில் ஹைட் பார்க்கில் லட்சம் பேர் திரண்டார்கள். ஒரே ஆல்பம், ஒரே அமெரிக்கப் பயணம், அந்த வருஷமே கடை கட்டியாயிற்று.

பழைய கூட்டாளிகளோடு மறுபடி சேரத் தோன்றினால், தலை நரைக்கும்வரை பொறுங்கள். 2005 மே மாதம் அதே ஆல்பர்ட் ஹாலில் நான்கு இரவும் அமர்க்களம். அந்த ஜோரிலேயே வீடு திரும்புங்கள். அக்டோபரில் நியூயார்க்கிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்காதீர்கள். அவர்கள் எடுத்தார்கள், மேடிசன் ஸ்கொயர் கார்டன் மேடையில், பேஸ் சத்தம் அதிகம் என்று பேக்கர் மறுபடி ஆரம்பித்தார்.