ஆச்சி சொல்லுதேன் கேளுலே

வாலே பேராண்டி! பொண்டாட்டிக்கு இனிமே ரத்தப் பரிசோதனை வேண்டாம்னு தீர்ப்புச் சொல்லிட்டியாமே. டாக்டர் பட்டம் எப்பம்லே வாங்குன? சொல்லியிருந்தா மாலை போட்டிருப்பேன்லா.

பிள்ளைக்குப் பதிலா முத்து முத்தா வளந்த முத்துப்பிள்ளைக் கர்ப்பத்தைச் சுத்தம் பண்ணியாச்சு, அவ குடம் தூக்குதா, பெறகு என்னத்துக்கு வாராவாரம் குத்துதாவன்னு கேக்க. உங்கம்மா உனக்கும் மேல. அட்டையில ரெண்டு கோட்டைப் பாத்துட்டு, "மறுபடி உண்டாயிருக்கா"ன்னு அதிரசத்துக்கு மாவு இடிக்கா. அந்தக் கோடு பிள்ளை போட்டதில்லலே, உள்ள மிச்சம் கெடக்க முத்து சுரக்க ஹெச்.சி.ஜி.ங்க கர்ப்ப ஹார்மோன் போட்டது.

பிரசவ வார்டுல ஆயாவா இருந்து நரைச்ச தலை இது. சவ்வரிசி மாதிரி முத்து முத்தாத் தட்டுல வந்து விழுறதை எத்தனை வாட்டி அள்ளிப் போட்டிருக்கேன்! முழு முத்துப்பிள்ளைன்னா, 100 பேருல 15, 20 பேருக்குச் சுத்தம் பண்ணியும் அடங்காது. கர்ப்பப்பைச் சுவத்தைத் துளைக்கும். சிலருக்குக் கோரியோகார்சினோமாங்க புத்துநோயாகி நுரையீரலுக்கே போயிரும். இருமுனா நீ சுக்குக்காப்பி போட்டுக் குடுப்ப.

மூஞ்சி வெளுக்காத. மருந்து இருக்கு, மெத்தோட்ரெக்சேட். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில படிச்ச எல்லாப்பிரகட சுப்பாராவ் அமெரிக்காவுல லெடர்லி கம்பெனி ஆய்வுக்கூடத்தை நடத்துனாரு. அங்க பொறந்த மருந்து அது. 1956ல மின் சியூ லீங்க டாக்டரு அதை இந்த நோய்க்குக் குடுத்தாரு. எக்ஸ்ரேயில கட்டி மறைஞ்சும், ஹெச்.சி.ஜி. இறங்காம ஊசியை நிறுத்த மாட்டேன்னாரு. அவரை வேலையை விட்டே அனுப்பிட்டாவ. 1972ல லாஸ்கர் விருது குடுத்தாவ. அனுப்புனவங்கல்லாம் உன் கட்சிதான்லே, "அவதான் நல்லா இருக்காளே"ன்னு.

ஊசி தேவைப்பட்டா, ஒருநாள் விட்டு ஒருநாள் நாலு ஊசி, இடைநாள்ல ஃபோலினிக் அமிலம். வாய் புண்ணாகும், மோர்ச்சோறு குழைச்சுக் குடு. அபாயம் கொறைவுன்னு கணக்கிட்டவங்க அநேகமா எல்லாருமே குணமாயிருதாவ. கூடுதல்னா பல மருந்து சேத்துக் குடுப்பாவ, அதுலயும் 100க்கு 90க்கு மேல பொழைக்காவ. பெரும்பாலும் கர்ப்பப்பையை எடுக்கவும் வேண்டாம். ஊசி முடிஞ்சு ஒரு வருசம் பொறுத்துப் பிள்ளை பெத்துக்கிடலாம். அதுவரைக்கும் உங்கம்மா ஆசையைப் பரண்ல ஏத்தி வையி.

நாளைக்கு முதல் பஸ்ஸுல அவளைக் கூட்டிட்டுப் போ. தொடர்ந்து 3 வாரம் ஹெச்.சி.ஜி. அளவு சரியா வரணும், பெறகு டாக்டரம்மா சொல்லுத வரைக்கும் மாசாமாசம் பாக்கணும். மூஞ்சியைப் பாத்து முடிவு பண்ணாத, சீட்டுல இருக்க எண்ணைப் பாரு.