ஆவரேஜ் அண்ணாச்சி

எங்கள் பக்கத்தில் காலண்டர் இல்லாத சுவரும் கிடையாது, கணக்குச் சொல்லாத வாயும் கிடையாது. விருதுநகரில் பருப்பு விலை, மல்லி விலை, எண்ணெய் விலை. சிவகாசியில் ரீம் என்ன விலை, கேஸ் என்ன விலை. இந்தக் காற்றைக் குடித்து வளர்ந்தவன் கிரிக்கெட்டைப் பார்த்தால் என்ன ஆவான்? ஆவரேஜ் அண்ணாச்சி ஆவான்.

அவருக்கு அம்மா அப்பா வைத்த பேர் வேறு. அது ரேஷன் கார்டில் இருக்கிறது. குடியிருப்பு விருதுநகர், வேலை சிவகாசியில் ஒரு ஆஃப்செட் அச்சகத்தில் கணக்கு. காலையில் பஸ் ஏறி ஆமத்தூர், திருத்தங்கல் தாண்டுவதற்குள், முந்தின நாள் உலகத்தில் எங்கெங்கே யார் யார் எத்தனை பந்தில் எத்தனை அடித்தார்கள் என்பதைப் பக்கத்து சீட்டுக்காரர் தெரிந்துகொள்வார். தெரிந்துகொள்ள அவருக்கு விருப்பமா என்று அண்ணாச்சி கேட்பதில்லை.

அவரை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். சட்டைப் பையில் இரண்டு பேனா. நீலம் ரன்னுக்கு, சிவப்பு விக்கெட்டுக்கு. கையில் ஒரு கத்தைத் தாள். தினசரி காலண்டரில் கழிவாகப் போன தேதித்தாள்கள் அவை. முன்பக்கம் ராகு காலம், எமகண்டம், சூலம். வெள்ளையாய்க் கிடக்கும் பின்பக்கத்தில் ஸ்ட்ரைக் ரேட், எகானமி, ஆவரேஜ். ஒரு பையனின் எதிர்காலத்தைப் பற்றி இந்தத் தாளின் எந்தப் பக்கம் நம்பகமாகச் சொல்கிறது என்பது இன்றுவரை தீராத வழக்கு. ஆடிப்பெருக்கு அன்றைக்குக் காலண்டர் ஆல்பம் வெளியான பிறகு அச்சகத்தில் மூச்சுவிட நேரம் இருக்காது. அப்போதும் தாள் நிரம்பிக்கொண்டுதான் இருக்கும். கழிவு அதிகம் விழும் காலமல்லவா!

டிவியில் மேட்ச் ஓடும்போது நாமெல்லாம் பந்தைப் பார்ப்போம். அவர் திரையின் அடியில் ஓடும் பட்டையைப் பார்ப்பார். சிக்ஸர் பறந்தால் கடையே எழுந்து கத்தும். அண்ணாச்சி தலையைத் தூக்காமல், "நூத்தி நாப்பத்தேழு புள்ளி ஆறு" என்பார். மின்சாரம் போனால் நமக்கு மேட்ச் போச்சே என்று கவலை. அவருக்கு, கணக்கு பாதியில் நிற்கிறதே என்று.

பையன்களின் பேர் அவருக்கு நிற்காது. "அந்தத் தெற்குத் தெருப் பையன் எப்படி அண்ணாச்சி?" என்று கேளுங்கள்.

"எவன்? பத்தொம்பது புள்ளி நாலா, பன்னெண்டு புள்ளி பூஜ்யமா?" என்பார்.

"நீங்க ஆடியிருக்கீகளா அண்ணாச்சி?" என்று யாராவது வம்புக்கு இழுத்தால் முகத்தில் ஒரு பெருமிதம் வரும். "ஒரே மேட்ச். நாட் அவுட். பிராட்மேன் கடைசி இன்னிங்ஸ்ல நாலு ரன் எடுத்திருந்தா ஆவரேஜ் நூறு. பூஜ்யத்துல போயி 99.94-ல நின்னுட்டாரு. அவரையாவது அவுட் ஆக்கினானுக. என்னைய இன்னிக்கு வரைக்கும் எவனும் அவுட் ஆக்கல." எத்தனை ரன் என்று கேட்பதற்குள் பேச்சு பாகிஸ்தான் பவுலிங்குக்குப் போய்விடும்.

சாயங்காலம் விருதுநகரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே பரோட்டாக் கடை. எங்கள் ஊர்ப் பரோட்டா கல்லில் சுடுவதல்ல, எண்ணெயில் மூழ்கி எழுவது. பிய்த்துப் போட்டு சால்னாவை ஊற்றினால் மொறுமொறுப்பும் ஈரமும் ஒரே வாயில் வரும். அதை மனுஷன் அனுபவிப்பாரா? "மாஸ்டர், நேத்து அஞ்சு நிமிஷத்துல பதினெட்டு எடுத்தீக. இன்னைக்குப் பதினாலுதான். ஃபார்ம் போச்சா?" என்பார். சாப்பிட்டு முடித்ததும் பில்லை வாங்கி இரண்டு தடவை கூட்டிப் பார்ப்பார். மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை. அது கடைக்காரர் மேல் சந்தேகமில்லை. வேண்டுதல்.

அவருடைய ஞானம் சமீபத்தில் கடல் தாண்டியது. அமெரிக்காவில் இருக்கும் மாப்பிள்ளை போனில் அங்குள்ள ஃபுட்பாலைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். மறுநாள் கடைக்குள் நுழையும்போதே அறிவித்தார்: "அமெரிக்காவுல குவார்ட்டர்பேக்னு ஒருத்தன் இருக்கான். அவனுக்கு வெச்சிருக்காம்பாருங்க கணக்கு, அதான்யா கணக்கு!"

"குவாட்டர் பேக்கா? அங்கே டாஸ்மாக்குல அட்டைப்பெட்டியில குடுக்கானுகளா?" என்றார் மாஸ்டர், மாவை வீசியபடி.

அண்ணாச்சி பொறுமையாக விளக்கினார். காலால் உதைப்பது அபூர்வமான ஃபுட்பால் அது. குவார்ட்டர்பேக் என்பவன்தான் அணிக்கு மூளை. அவன் எறிகிற பந்தை நம் ஆள் ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும். அதை அவர்கள் பாஸ் என்கிறார்கள். எறிந்ததில் எத்தனை கைக்குப் போனது, ஒரு எறிக்கு எத்தனை கஜம், எத்தனை டச்டவுன், எத்தனை எதிரி கையில் மாட்டியது என்று நாலு கூறு போட்டு, கூட்டி, ஆறால் வகுத்து, நூறால் பெருக்கி மார்க் போடுகிறார்கள். 1973 முதல் அங்கே இதுதான் வழக்கம்.

"முழு மார்க் எவ்வளவு தெரியுமா? 158.3."

"நூறு கிடையாதா?"

"கிடையாது. அதுதான் அழகு. இன்னொண்ணு கேளுங்க. ஒருத்தன் எறியுற பந்தெல்லாம் ஒருத்தர் கைக்கும் போகாம தரையில விழுதுன்னு வைங்க. எதிரி பிடிக்காத வரைக்கும் அவனுக்கு 39.6 உண்டு."

மாஸ்டர் கையை நிறுத்தினார். "நம்மூர்ல முப்பத்தஞ்சு எடுத்தாலே பாஸு. அப்ப எல்லாத்தையும் கீழே போட்டாலும் அவன் பாஸா?"

கடை சிரித்து அடங்க வெகுநேரமானது. அண்ணாச்சி சிரிக்கவில்லை. அந்த நாலு கூறையும் நம் ஊர்ப் பையன்களுக்கு எப்படிப் போடுவது என்று மார்ச் 14-ஆம் தேதியின் முதுகில் கோடு கிழித்துக்கொண்டிருந்தார்.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. எண் பொய் சொல்லாது. ஆனால் கேட்ட கேள்விக்கு மட்டும்தான் அது பதில் சொல்லும். 2022 நவம்பர் 21 அன்று பெங்களூரில், விஜய் ஹசாரே கோப்பையில் நம் ஜெகதீசன் 141 பந்தில் 277 அடித்தார். கூடவே சாய் சுதர்சன் 154. முதல் விக்கெட்டுக்கு மட்டும் 416. தமிழ்நாடு 506-க்கு 2. அன்றைக்கு அண்ணாச்சிக்கு இரண்டு நீலப் பேனா தீர்ந்தது. எதிரே அருணாச்சலப் பிரதேசம், 71-க்குச் சுருண்டது என்பதை மூலையில் உட்கார்ந்திருந்த மல்லி மண்டிப் பெரியவர் சொன்னபோது, "அதுக்குக் கட்டம் இல்லீங்களே" என்றார்.

அடுத்த வருஷம் ஐ.பி.எல். இறுதியாட்டம். அதே சாய் சுதர்சன் சென்னைக்கு எதிராக 47 பந்தில் 96. அண்ணாச்சி சென்னைக்குத்தான் விசிறி, ஆனால் அவர் பேனா குஜராத் பக்கம் போய்விட்டது. கடைசி இரண்டு பந்தில் சென்னைக்குப் பத்து ரன் வேண்டும். ஜடேஜா ஒரு சிக்ஸர், ஒரு ஃபோர். கடையே தெருவில் ஆடியது. அண்ணாச்சி மட்டும் உள்ளே, "ஆறு பந்துல பதினஞ்சு. இவ்வளவு கம்மி சாம்பிளை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது" என்று முனகிக்கொண்டிருந்தார்.

மல்லி மண்டிப் பெரியவர்தான் அவருக்குச் சரியான மருந்து. "எய்யா, 1967-ல இதே ஊர்ல ஒரு தேர்தல் கணக்கு இருந்துச்சே. ஒரு பக்கம் ஒம்பது வருஷம் முதல் மந்திரியா இருந்து, டெல்லியில ரெண்டு பிரதமரை உக்கார வெச்ச காமராஜர். பொறந்த ஊரு வேற. இந்தப் பக்கம் சீனிவாசன்னு ஒரு மாணவர் தலைவர். உம்ம தாள்ல போட்டிருந்தா அந்தப் பையனுக்கு எவ்வளவு வரும்?"

அண்ணாச்சி யோசித்தார். "எதிராளியைப் பாத்தா… பூஜ்யம்தான் வரும்."

"1,285 ஓட்டுல ஜெயிச்சான்."

அதையும் அண்ணாச்சி குறித்துக்கொண்டார்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு, எண்ணி ஆளை எடைபோடும் இந்தக் கணக்கின் சூட்சுமம் பால்குடி மறக்கும் முன்பே தெரியும். தீபாவளிக்கு மறுநாள் காலையில் யார் வீட்டு வாசலில் பட்டாசுக் காகிதக் குப்பை அதிகமோ அவன்தான் தெருவில் பெரிய ஆள். ஆகவே விவரமான பையன் விடியுமுன் எழுந்து, விளக்குமாற்றை எடுத்து, பக்கத்து வீட்டுக் குப்பையையும் தன் வாசலுக்குத் தள்ளிவைப்பான். சரவெடிக்கு 2018-ல் உச்ச நீதிமன்றம் தடை போட்ட பிறகு குப்பை மெலிந்துவிட்டது. எண்ணும் ஆசை மட்டும் மெலியவில்லை. அண்ணாச்சி வெடித்த காகிதத்தை எண்ணுகிறார். வெடிக்காமல் பெட்டிக்குள் இருப்பது எப்படி என்று கேட்டால் அதையும் காகிதத்தை வைத்தே சொல்கிறார். பட்டாசு ஆலையில் சாம்பிள் பார்க்கிறவரைக் கேளுங்கள். கொளுத்திப் பார்த்தால்தான் தெரியும், கொளுத்திப் பார்த்ததை விற்க முடியாது.

இந்தத் தத்துவத்தோடுதான் கண்மாய் மேட்ச்சுக்கு வருகிறேன்.

கோடை விடுமுறை. வற்றிய கண்மாய்க்குள் டென்னிஸ் பந்து டோர்னமென்ட், எட்டு ஓவர். எங்கள் தெரு அணியில் ஒரு பையன், பிளஸ் டூ முடித்தவன், ஒல்லி. ஆறு இன்னிங்ஸில் 4, 11, 0, 23, 7, ஒரு நாட் அவுட் 15. மொத்தம் 60, அவுட் ஆனது ஐந்து தடவை. இவன்தான் அந்தப் பன்னெண்டு புள்ளி பூஜ்யம். 64 பந்து ஆடியிருக்கிறான், ஸ்ட்ரைக் ரேட் 93.75. "எட்டு ஓவர் மேட்ச்சுல நூறுக்குக் கீழேன்னா நமத்த சரக்கு. அடுத்த வருஷம் மாத்திருங்க" என்று அண்ணாச்சி கேப்டனிடம் சொல்லியும் விட்டார்.

இறுதியாட்டம். எதிரணி 41. கண்மாய்த் தரை பாளம் பாளமாய் வெடித்துக் கிடக்கிறது. பந்து எங்கே குத்தி எங்கே போகும் என்று பந்துக்கே தெரியாது. எங்கள் ஆட்கள் வந்தார்கள், போனார்கள். 35-க்கு ஒன்பதாவது விக்கெட்டும் விழுந்தது. பத்துப் பந்து, ஏழு ரன். ஒல்லிப் பையன் நாலு பந்தில் ரெண்டு ரன்னோடு நிற்கிறான். கடைசியாக இறங்கியவன் அண்ணாச்சியின் அச்சகத்தில் கட்டிங் மெஷினில் நிற்கிற பையன். மட்டையை அவன் பிடித்த விதத்தைப் பார்த்தால் ரீம் கட்டைத் தூக்குவது போலிருந்தது. கால் நடுங்கியது.

ஒல்லிப் பையன் அவனிடம் போய்த் தோளைத் தொட்டு ஏதோ சொன்னான். பிறகு நடந்தது விசித்திரம். முதல் பந்து தட்டினான், ஓடவில்லை. அடுத்தது ரெண்டு. அடுத்தது தட்டினான், ஓடவில்லை. ஓவரின் கடைசிப் பந்தில் மட்டும் ஒரே ஓட்டம், ஒரு ரன். கடைசி ஓவரிலும் முதல் பந்தில் வாய்ப்பிருந்தும் ஓடவில்லை. இரண்டாவதில் ரெண்டு. அப்புறம் மூன்று பந்து தட்டி நிறுத்தினான். "சிங்கிளை விடுறான்! விடுறான்!" என்று அண்ணாச்சி சிவப்புப் பேனாவால் குத்திக்கொண்டிருந்தார். கடைசிப் பந்து, ரெண்டு வேண்டும். இடைவெளியில் தள்ளிவிட்டு ஓடினான். கட்டிங் மெஷின் பையன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினான். புழுதி அடங்கியபோது ஜெயித்திருந்தோம்.

"என்னாச்சு? ஒண்ணா, ரெண்டா?" என்றார் அண்ணாச்சி, தாளிலிருந்து தலையைத் தூக்கி.

கூட்டம் பையனைத் தூக்கிச் சுற்றியது. அண்ணாச்சி கணக்குப் போட்டார். 14 பந்தில் 9, நாட் அவுட். ஆவரேஜ் 12-லிருந்து 13.8-க்கு ஏறிவிட்டது. ஸ்ட்ரைக் ரேட் 93.75-லிருந்து 88.46-க்கு இறங்கிவிட்டது. "ஏறிட்டானா, இறங்கிட்டானா?" என்று என்னைக் கேட்டார். தன் கணக்குக்கு என்ன அர்த்தம் என்று அவர் இன்னொருவரிடம் கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

சாயங்காலம் பரோட்டாக் கடை. பையன்கள் இருவரும் வந்திருந்தார்கள். மாஸ்டர் கட்டிங் மெஷின் பையனைக் கேட்டார்: "நீ எத்தனைப்பா?"

"ஒரு பந்துகூட ஆடல அண்ணே. இவன் ஆடவிடல. நீ சும்மா ஓடு, போதும்னுட்டான்."

அண்ணாச்சி பரோட்டாவைப் பிய்த்த கையை நிறுத்தினார். வெகுநேரம் சால்னாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாளை எடுத்துப் பையனின் வரிசைக்கு நேராகப் புதிதாக ஒரு கட்டம் கிழித்தார். தலைப்பு எழுதப் பேனாவைக் கொண்டுபோனார். எழுத வரவில்லை.

"எனக்கும் இதேதான்யா" என்றார் மெதுவாக. "அந்த ஒரே மேட்ச்சு. நானும் கடைசி ஆளு. ஒரு பந்து ஆடல. பூஜ்யம் நாட் அவுட். அந்தப் பக்கம் இருந்த அண்ணன் எங்கிட்ட வந்து, 'பயப்படாதலே, நான் இருக்கேன்'னாரு."

"அவரு அன்னைக்கு எத்தனை அடிச்சாரு அண்ணாச்சி?"

"ஞாபகமில்ல" என்றார்.

கடை ஒரு நிமிஷம் அமைதியானது. மாஸ்டர் பில்லை நீட்டினார். நான் எட்டிப் பார்த்தேன். இரண்டு பரோட்டா கூடுதலாக ஏறியிருந்தது. அண்ணாச்சி கூட்டிப் பார்க்காமலேயே காசை வைத்துவிட்டு எழுந்து போனார்.