எட்டுக்கு என்ன குறைச்சல்?

ஏம்ப்பா மாப்ளே, புது வண்டி நம்பரைக் கூட்டினா எட்டு வருதுன்னு, பேன்சி நம்பருக்குப் பணம் கட்டக் கிளம்பிட்டியாமே? தாராளமா கட்டு. எட்டு உனக்கு என்ன கெடுதல் செஞ்சதுன்னு மட்டும் சொல்லிட்டுப் போ.

எண்ணோட குணத்தைப் பார்க்க வேற வழி இருக்குப்பா. மிச்சமில்லாம அதை வகுக்கிற காரணிகளை எடு. அந்த எண்ணை மட்டும் விட்டுட்டு மத்ததையெல்லாம் கூட்டு. ஜாஸ்தியா வந்தா மிகையெண், கம்மியா வந்தா குறைவெண், அச்சா அதுவே வந்தா நிறைவெண். 12-க்கு 1, 2, 3, 4, 6, கூட்டினா 16. கல்யாணப் பத்திரிகையில உங்க சித்தப்பா பேருக்குப் பின்னால போட்டுக்கிற பட்டம் மாதிரி, சரக்கை மிஞ்சின கணக்கு! 6-க்கு 1, 2, 3. கூட்டினா அதே 6, நிறைவு. நீ பயப்படுற 8-க்கு 1, 2, 4, கூட்டினா 7. பாவம், ஒண்ணே ஒண்ணுதான் குறைச்சல்.

6-க்கு அப்புறம் 28, 496, 8128. கி.பி. 100 வாக்குல கிரேக்க நிகோமாக்கஸ் எழுதி வச்சது இந்த நாலைத்தான். அஞ்சாவது ஆளு பக்கத்துலயா இருக்கான்? 3,35,50,336-ல போய் உட்கார்ந்திருக்கான்! 15-ஆம் நூற்றாண்டு ஐரோப்பியச் சுவடி ஒண்ணுல அவன் பேரு இருக்கு.

அவனைப் பிரிச்சுப் பாரு: 4096 × 8191. இந்த 4096 யாரு? ரெண்டை ரெண்டாலயே பெருக்கிட்டுப் போனா வர்ற, உன் எட்டோட பங்காளி. அந்த வம்சத்துல எல்லாருக்குமே சரியா ஒண்ணு குறையும். 8191 பகா எண். 1-ஐத் தவிர வேற யாரையும் கிட்ட அண்டவிடாத முசுடு. குறையுள்ளவனும் முசுடனும் கூட்டு சேர்ந்தா நிறைவு வருதுடா! இந்தச் சூட்சுமத்தை யூக்ளிட் கி.மு. 300 வாக்குலயே சொல்லிட்டார். ரெண்டோட அடுக்குல ஒண்ணைக் கழி. வர்றது பகா எண்ணா இருந்தா, முந்தின அடுக்கால பெருக்கு. அவசரப்பட்டு 2048-ல ஒண்ணைக் கழிச்சு 2047-ஐத் தூக்கிட்டு வராதே. அது 23 × 89, ஆளை ஏமாத்திடும்.

சரி, உன் சோசியக் கணக்குக்கே வர்றேன். 3,35,50,336-ஓட இலக்கங்களைக் கூட்டு. 28 வருதா? அதுவும் நிறைவெண்தான். திரும்பக் கூட்டினா 10, அப்புறம் 1. “ஆகா, சூரியன்!”னு குதிக்காதே. 6-ஐத் தவிர எல்லா இரட்டை நிறைவெண்ணுக்கும் கடைசியில 1-தான் வரும். ஒற்றைப்படையில ஒரு நிறைவெண் உண்டா இல்லையான்னு இன்னிக்கு வரைக்கும் எவனாலயும் சொல்ல முடியலை. உன் சோசியர்கிட்ட கேட்டுப் பாரேன், பொழுதாவது போகும்.

கடைசியா ஒண்ணு மாப்ளே. லைசென்ஸ் வாங்கப் போனப்போ எட்டு போட்டுத்தானே காட்டினே? அன்னிக்கு ராசி பார்த்தியா? பேன்சி நம்பருக்கு வச்சிருக்கிற காசுல நல்ல ஹெல்மெட்டா வாங்கித் தலையில மாட்டு.