தவளைக்கு ஹீட்டர் வைத்த கதை

வினிபெக், கனடா
தை மாதம்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

போனில் பேசும்போது, "என்னப்பா, தவளைக்கு ஹீட்டர் போட்டு வளர்க்கிறியாமே, திருத்தங்கல் வரைக்கும் பேசிக்கிறாங்க" என்று சிரித்தீர்கள். திருத்தங்கல் வரைக்கும் போன செய்தி பாதிப் பொய்யோடுதான் போயிருக்கும். அதனால் முழுசாக எழுதுகிறேன். டீக்கடையில் சரியாகச் சொல்லிவிடுங்கள்.

ஹீட்டர் உண்டு. பகலுக்கு ஒரு விளக்கு, சூடு ஏறினால் தானே அணைக்கும் தெர்மோஸ்டாட், வெப்பம் காட்ட ஒரு மீட்டர், காற்றின் ஈரம் காட்ட இன்னொரு மீட்டர் என்று எல்லாமே உண்டு. உங்கள் பேத்தி பிறந்தபோது அவளுக்குக்கூட இத்தனை வைக்கவில்லை.

ஆள் ஆஸ்திரேலியாக்காரன், பச்சை மரத்தவளை. கண்ணுக்கு மேல் சதை மடிந்து, மதியச் சாப்பாடு முடித்துக் கல்லாவில் உட்கார்ந்தவர் மாதிரி எந்நேரமும் அரைத்தூக்கம். அதனால் 'முதலாளி' என்றே பெயர் வைத்தாயிற்று. சொந்த ஊரில் இவன் இனத்தார் தண்ணீர்த் தொட்டியிலும் கக்கூஸ் பீங்கானிலும் குடியிருப்பவர்கள். இங்கே வந்ததும் இவனுக்குக் கண்ணாடி மாளிகை கேட்கிறது. ஒழுங்காக வைத்துக்கொண்டால் 20 வருஷம்கூட இருப்பானாம். வீட்டுக் கடன் அதற்கு முன்னால் முடிந்துவிடும்.

நம் சிவகாசியில் ஈரம் என்றால் எதிரி. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தொழில் கற்றுத் திரும்பி 1923-இல் தீப்பெட்டி போட ஆரம்பித்தது முதல் இந்தக் கரிசல் வெயில்தானே நமக்குச் சோறு போடுகிறது. ஐப்பசியில் ஒரு தூறல் விழுந்தால் போதும், காயப்போட்ட சரக்கை அள்ளிக்கொண்டு ஓடுவோம். ஈரம் ஏறினால் அலுமினியப் பவுடர் உள்ளுக்குள்ளேயே சூடாகித் தானாகப் பற்றிக்கொள்ளும், கலந்த மருந்தை மிச்சம் வைத்துப் பூட்டாதே என்று பட்டாசு ஆலைப் போர்மேனாக நீங்கள் தொண்டை வற்றக் கத்துவீர்கள். அச்சாபீஸில் பேப்பர் ஈரம் குடித்தால் ரெஜிஸ்டர் விலகி, காலண்டர் லட்சுமிக்கு இரண்டு மூக்கு. அந்த வம்சத்தில் பிறந்த நான் இங்கே காசு கொடுத்து ஈரம் தயாரிக்கிறேன்.

காரணம் இந்த ஊர்க் குளிர். வெளியே மைனஸ் 28. அவ்வளவு குளிர்ந்த காற்றில் ஈரம் தங்காது. அதே காற்று வீட்டுக்குள் நுழைந்து 21 டிகிரிக்குச் சூடானால், மீட்டர் 20 சதவீதம் காட்டவே மூச்சு வாங்குகிறது. உதடு வெடிக்கிறது. கதவுக் கைப்பிடியைத் தொட்டால் சுருக்கென்று பொறி பறக்கிறது. மருந்து அறைக்குள் போகுமுன் செப்புத் தகட்டைத் தொட்டு உடம்பு மின்சாரத்தை இறக்கச் சொல்வீர்களே, அந்தப் பழக்கம்தான் கை கொடுக்கிறது. சாவியால் முதலில் கைப்பிடியைத் தொடுவேன்; பொறி சாவியோடு போய்விடும். இது ஏதோ நம் சாமி சம்பிரதாயம் என்று பக்கத்து வீட்டுக்காரர் பவ்யமாக ஒதுங்கி நிற்கிறார். நானும் திருத்தவில்லை.

முதலாளிக்கு வாய் காது வரை கிழிந்திருக்கிறது, ஆனால் அதில் தண்ணீர் குடிக்க மாட்டான். கிண்ணத்தில் போய் உட்கார்ந்துகொள்வான். வயிற்றுத் தோல் உறிஞ்சிக்கொள்ளும். குழாய்த் தண்ணீரின் குளோரினும் அதே வழியில் உள்ளே போகும் என்பதால், அதை முறிக்க ஒரு சொட்டு மருந்து. காற்று காய்ந்தால் இவனும் காய்வான்.

சிக்கல் என்னவென்றால், சூட்டுக்கும் ஈரத்துக்கும் ஆகவே ஆகாது. விளக்கைக் கூட்டினால் ஈரம் இறங்கும். தண்ணீர் தெளித்தால் சூடு இறங்கும். பகலில் ஒரு மூலை 28, எதிர் மூலை 24, ராத்திரி 21 அல்லது 22, ஈரம் 50-க்கும் 70-க்கும் நடுவே. இரண்டு மருமகள்களை ஒரே அடுப்படியில் வைத்துச் சமாளித்த சித்திக்கு இது புரியும். சரி, எப்போதும் சொதசொதவென்று வைத்துவிடலாம் என்றால் பூஞ்சணம் பூக்கும், தோலில் புண் வரும். தெளித்து, கொஞ்சம் காயவிட்டு, மறுபடி தெளிக்க வேண்டும். மேல்மூடி கம்பிவலை. பாதியைப் பிளாஸ்டிக் தாளால் மூடியிருக்கிறேன்: முழுக்க மூடினால் உள்ளே புழுங்கும், முழுக்கத் திறந்தால் வீட்டுச் சூடு ஈரத்தைக் குடித்துவிடும். அடியில் பரப்பத் தேங்காய் நார்த் தூள். பாக்கெட்டைத் திருப்பினால் இந்தியத் தயாரிப்பு! நம் ஊரில் கூட்டித் தள்ளுவதை இங்கே அழகான கவரில் விற்கிறார்கள்.

தெளிப்பதிலும் ஒரு வம்பு. ராத்திரி ஸ்பிரே அடித்தால் மழை வந்துவிட்டது என்று நினைத்து, மழைக்காலத்துப் பெண் தேடும் குரலில் ஆரம்பித்துவிடுவான். நம் பக்கம் மழை வரக் கழுதைக்குக் கல்யாணம் செய்கிறோம், அஸ்ஸாமில் தவளைக்கே செய்து வைக்கிறார்கள். என் வீட்டில் மழை தயார், மாப்பிள்ளை தயார், பெண்தான் இல்லை.

இதில் வயிற்றெரிச்சல் ஒன்று. இந்த நாட்டுக் காடுகளிலேயே ஒரு தவளை இருக்கிறது. பனிக்காலத்தில் சருகுக்குள் படுத்து உறைந்துபோகும். உடம்புத் தண்ணீரில் பாதிக்கு மேல் ஐஸ், இதயம்கூட நின்றுவிடும். ஈரல் சர்க்கரையைக் கொட்டி உறுப்புகளைக் காக்கும். வெயில் வந்ததும் உருகி எழுந்து, குளத்துக்குப் போய்க் கத்த ஆரம்பித்துவிடும். ஒரு பைசா கரண்ட் செலவு கிடையாது. "இந்த ஊர்த் தவளை எவ்வளவு கெட்டி பாரு" என்று மகளிடம் சொன்னேன். "நீங்களும் இந்த ஊர் இல்லையேப்பா, ஹீட்டரை அணைச்சிரட்டுமா?" என்றாள். பேச்சு அப்படியே சித்தி.

வைகாசியில் நீங்கள் இருவரும் வரும்போது ஒரு விஷயம் கவனம். ஏர்போர்ட்டில் கையையும் பையையும் ஒரு துண்டுத் துணியால் துடைத்து மெஷினில் வைப்பார்கள். வெடிமருந்துத் துகளைப் பிடிக்கிற மெஷின் அது. ஆபீசுக்குப் போட்டுப் போகிற சட்டையும் அந்தப் பழைய ரெக்சின் பையும் வீட்டிலேயே இருக்கட்டும்; எல்லாம் புதுசாக வாங்கிக்கொள்ளுங்கள். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே மருந்து அறைப் பக்கம் எட்டிப் பார்க்க வேண்டாம். பேத்திக்கு என்று ஒரே ஒரு பாக்கெட் கம்பி மத்தாப்பு எடுத்து வைக்கச் சித்தி சொல்வார். கூடவே கூடாது. சாத்தூர் சேவு தாராளமாகக் கொண்டு வரலாம், எண்ணெய் கசியாமல் இரட்டைக் கவர் போட்டு.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்