திரிங்காப்பில் லேண்ட்ரோவர்

கேமரன் மலையின் திரிங்காப் காய்கறித் தோட்டங்களில் ஓடும் பழைய லேண்ட்ரோவருக்கு வயதே ஏறாதா?

ஏறும், மேனியில் தெரியாது. 1948இல் அந்த வண்டி அறிமுகமானபோது, போர் முடிந்த பிரிட்டனில் எஃகுக்குக் கடும் தட்டுப்பாடு. அதனால் மேல்தகடுகள் அலுமினியக் கலவையில் அமைந்தன. அவற்றில் செந்துரு ஏறாது. அடியில் உள்ள சேசிஸோ எஃகு. கேமரன் மலையின் ஓயாத ஈரமும் சேறும் அதை உள்ளிருந்தே அரிக்கின்றன. வீட்டுக் கொட்டகையில் வண்டியைப் புதுப்பிப்பவர் பெயிண்ட் டப்பாவைத் திறக்கும் முன் சேசிஸைச் சுத்தியலால் நெடுகத் தட்டிப் பார்ப்பதே முறை. கணீரென்றால் நல்ல இரும்பு. மந்தமாக ஒலித்த இடத்தை வெட்டி, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தாக வேண்டும்.

மலைக்குளிரில் டீசல் எஞ்சின் காலையில் எழ மறுத்தால், ஸ்பார்க் பிளக்கை மாற்றலாமா?

இருந்தால் மாற்றலாம்! அழுத்தத்தில் சூடேறிய காற்றில்தான் டீசல் தீப்பிடிக்கிறது. குளிருக்குத் துணை குளோ பிளக். பழைய 2.25 லிட்டர் எஞ்சினில் நான்கும் தொடராக இணைந்தவை. ஒன்று போனால் நான்கும் போயின. அவை சரியாக இருந்தால், டீசல் குழாயில் காற்று புகுந்திருக்கக்கூடும். ஃபில்டர் மேலுள்ள திருகைத் தளர்த்தி, பம்பின் கைப்பிடியை அடித்து, குமிழி நிற்கும்வரை காற்றை வெளியேற்ற வேண்டும்.

முதல் செலவு எதற்கு? எஞ்சினுக்கா, பிரேக்குக்கா?

ஓடாத வண்டி கொட்டகையில் நிற்கும். நிற்காத வண்டி எங்கே போகும்? அதனால் முதல் செலவு பிரேக்குக்கே. அந்தக்கால வண்டிகள் பலவற்றில் பிரேக் எண்ணெய்க்கு ஒரே சுற்றுதான். ஓரிடத்தில் கசிந்தால் நான்கு சக்கரமும் பிடி இழக்கும்.