பொங்காலைப் புகையும் புஸ்ஸென்று இரண்டு மருந்தும்

திருவனந்தபுரத்தில் பெண்கள் பொங்கல் வைத்து வழிபடும் மாசி மாதத்து ஆற்றுகால் பொங்காலை நாளில் பகவதி கோவிலைச் சுற்றி மட்டும் அடுப்பு எரிவதில்லை. கிழக்கேகோட்டை, பழவங்காடி என்று தெருத்தெருவாகச் செங்கல் அடுப்புகள் நீளும். 2009-இல் 25 லட்சம் பெண்கள் கூடியதைக் கின்னஸ் பதிவு செய்தது. அத்தனை அடுப்பிலும் தென்னம்பாளையும் ஓலை மட்டையும்தான் விறகு. ஆஸ்துமாக்காரர்களின் மூச்சுக்குழல் அந்தப் புகையை லேசில் மன்னிப்பதில்லை. இந்த வாரக் கேள்விகளில் பாதி அதைப் பற்றியவை.

கே: பொங்காலை அன்று இளைப்பு வந்தது. இன்ஹேலரில் ஒரு பஃப் இழுத்ததும் நின்றது. ஒரு மருந்தே இத்தனை வேகமாக வேலை செய்யும்போது, உள்ளே இன்னொன்று எதற்கு? (பழவங்காடி வாசகி)

ப: நின்றது இளைப்பு, நோய் அல்ல. ஃபோராகார்ட் போன்ற இன்ஹேலர்களில் ஃபார்மோடெரால், புடசோனைடு என இரண்டு மருந்துகள் உண்டு. புகை பட்டதும் மூச்சுக்குழலைச் சுற்றியுள்ள தசை இறுகிவிடுகிறது. அந்தத் தசையின் பீட்டா-2 ஏற்பிகளில் ஃபார்மோடெரால் போய் ஒட்டும். செல்லுக்குள் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற வேதிப்பொருள் பெருகும், தசை தளரும். சில நிமிடங்களில் மூச்சு வரும். அந்தப் பலன் ஏறக்குறைய 12 மணி நேரம் நிற்கும்.

ஆனால் தசை இறுகியது குழலின் உட்சுவர் ஏற்கெனவே வீங்கிச் சிவந்து கிடந்ததால்தான். அதைக் கவனிப்பது புடசோனைடு என்ற ஸ்டீராய்டு. அது செல்லுக்குள் நுழைந்து, ஓர் ஏற்பியைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு உட்கருவரை போகிறது. அழற்சிப் பொருள்களை உண்டாக்கும் மரபணுக்களை அங்கே அடக்குகிறது. வீக்கமும் சளியும் மெல்லக் குறையும். முழுப் பலன் தெரியப் பல நாள், சில வாரம்கூட ஆகும். வேகமாக வருபவருக்குப் பாராட்டு, மெதுவாக உழைப்பவருக்கு மறதி: உயிரைக் காப்பதில் இந்த இரண்டாமவர் பங்கே பெரிது.

இருவரும் ஒருவருக்கொருவர் உதவுவதுதான் அழகு. ஸ்டீராய்டு பீட்டா-2 ஏற்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. ஃபார்மோடெரால், ஸ்டீராய்டு ஏற்பி உட்கருவுக்குள் போவதை எளிதாக்குகிறது.

கே: அப்படியானால் குழலைத் திறக்கும் மருந்தை மட்டும் வாங்கினால் என்ன? (சாலைக் கடைத்தெரு வியாபாரி)

ப: கூடவே கூடாது. அமெரிக்காவில் சுமார் 26,000 ஆஸ்துமா நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு, ஃபார்மோடெரால் போல நீண்ட நேரம் குழலைத் திறந்துவைக்கும் சால்மெட்டராலைச் சேர்த்தவர்களிடம் ஆஸ்துமா மரணங்கள், எண்ணிக்கையில் சிறியதானாலும், கூடுதலாக இருந்தன. 2006-இல் முடிவு வெளியானது. இவ்வகை நீண்ட நேர மருந்தை ஸ்டீராய்டு இல்லாமல் ஆஸ்துமாவுக்குத் தரக்கூடாது என்று 2010-இல் அந்நாட்டு மருந்துத் துறை கறாராகச் சொன்னது. உலக ஆஸ்துமா வழிகாட்டி அமைப்பான ஜினாவும் 2019-இல், பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் சால்புட்டமால் போன்ற உடனடி நிவாரணியை மட்டும் வைத்துக் காலம் தள்ள வேண்டாம் என்றது.

கே: ஸ்டீராய்டு என்றாலே அம்மாவுக்கு நடுக்கம். (தம்பானூர் வாசகர்)

ப: அளவைப் பார்த்தால் நடுக்கம் குறையும். ஒரு பஃப்பில் பெரும்பாலும் 200 மைக்ரோகிராம் புடசோனைடு. கடும் இளைப்புக்குத் தரும் 40 மில்லிகிராம் ப்ரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை என்பது 40,000 மைக்ரோகிராம். புடசோனைடின் வீரியம் அதிகம்தான். ஆனால் தவறி விழுங்கிய பங்கில் ஏறக்குறைய 90 விழுக்காட்டைக் கல்லீரல் சிதைத்துவிடுகிறது. பெரிய அளவில் பல வருடம் எடுப்பவர்களை மருத்துவர் கண்காணிக்க வேண்டும். மற்றவர்களுக்கு அடிக்கடி வரும் தொல்லை, வாயில் வெள்ளைப் பூஞ்சையும் குரல் கம்மலும்தான். இழுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்பினால் பூஞ்சை பெருமளவு தவிரும்.

கே: தூளை இழுப்பதற்கான கேப்சூலான ரோட்டாகேப்பைத் தண்ணீரோடு விழுங்கினால் வேலை மிச்சமல்லவா?

ப: வேலை மிச்சம், மருந்து வீண். அந்தத் தூள் நுரையீரலுக்குப் போகவேண்டியது.

கே: இன்ஹேலர் டப்பாவைக் குலுக்கினால் சத்தம் வருகிறது. இன்னும் மருந்து இருக்கிறதுதானே? (கரமனை வாசகி)

ப: சொல்ல முடியாது. மருந்து தீர்ந்த பிறகும் அதைத் தள்ளும் வாயு மிஞ்சி நிற்கும். புஸ்ஸென்று சத்தமும் வரும். பெரும்பாலான டப்பாக்களில் 120 பஃப். காலையில் இரண்டு, இரவில் இரண்டு என்றால் முப்பது நாள். எண்காட்டி இல்லாத டப்பாவில், திறந்த தேதியைப் பேனாவால் எழுதிவைக்கலாம்.