சின்ன நட்சத்திரங்களின் பெரிய குமுறல்

மலேசியாவின் லூமுட் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் அந்நாளில் விடியலுக்கு முன்பே பெரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கெடுப்புக்கு, போகவேண்டியிருந்தது. பிப்ரவரி மாதமென்றால், லயத்தை விட்டு இறங்கும்போதே தென்வானில் ஆல்ஃபா சென்டாரி தெரியும். அதன் அருகே, வெறுங்கண்ணுக்குப் புலப்படாத சிவப்புக் குறுமீன் பிராக்சிமா. சூரியனை விட்டால் நமக்கு மிக நெருக்கமான நட்சத்திரம் அதுதான், 4.24 ஒளியாண்டு. சிறியது, குளிர்ந்தது, மங்கலானது என்பதோடு அன்று எங்கள் பாடம் முடிந்துவிடும். வானத்திலிருந்து வரும் சத்தம் என்று நாங்கள் அறிந்ததும் மழைக்கு முன் வானொலியில் கேட்கும் கரகரப்பு மட்டுமே.

இன்று தெரிகிற கதை வேறு. சூரியனின் நிறையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான நட்சத்திரங்களில், உலையில் கொதிக்கும் கஞ்சிபோல உட்பகுதி முழுவதும் புரள்கிறது. வேகமான சுழற்சியும் சேர்ந்தால், சிலவற்றின் காந்தப்புலம் ஆயிரக்கணக்கான காஸ் வரை வலுக்கிறது. அதில் சிக்கிச் சுழலும் எலக்ட்ரான்கள் ரேடியோ அலைகளை வீசுகின்றன.

2000இல் அமெரிக்காவின் விஎல்ஏ ரேடியோ தொலைநோக்கியில் கோடைப் பயிற்சிக்கு வந்த மாணவர்கள், எல்பி 944-20 என்ற பழுப்புக் குறுமீனை (நட்சத்திரமாக முழுமையடையாத பொருளை) நோக்கினார்கள். எதிர்பார்த்ததைவிடப் பல்லாயிரம் மடங்கு வலுவான ரேடியோ வீச்சு கிடைத்தது. 2023இல், சுமார் 425 டிகிரி செல்சியஸ் மட்டுமே வெப்பமுள்ள ஒரு பழுப்புக் குறுமீனிலிருந்தும் ரேடியோ அலை வருவதை ஆஸ்திரேலியாவின் அஸ்காப் ரேடியோ தொலைநோக்கி காட்டியது. ஒருவகை வீச்சில் அலைவெண்ணே காந்தப்புலத்தின் அளவுகோல்: ஒரு காஸுக்கு 2.8 மெகாஹெர்ட்ஸ். இத்தனை மங்கலான பொருள்களின் காந்தத்தை ஒளியைக் கொண்டு அளப்பது மிகக் கடினம். அதனால்தான் ரேடியோ முக்கியமாகிறது.

பிராக்சிமாவைச் சுற்றி, நீர் திரவமாக இருக்கக்கூடிய தொலைவில் ஒரு கோள் இருப்பது 2016இல் தெரியவந்தது. அதற்கு ஆண்டு என்பது பதினொரு நாள்தான். 2019 மே மாதம் அந்த நட்சத்திரம் பலமாக வெடித்தபோது, ஒளியோடு சேர்ந்து வந்த ரேடியோ வீச்சை அஸ்காப் பதிவு செய்தது. இத்தகைய புயல்கள் அடுத்தடுத்து அடித்தால் கோளின் காற்று மண்டலம் நிலைக்குமா? அங்கே உயிர் உண்டா என்று கேட்கும் முன் இதற்கு விடை வேண்டும்.

லூமுட்டைச் சுற்றி ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. விளக்கொளியில் தென்வானமும் வெளுத்துவிட்டது. ஆனால் அஸ்காப் திரட்டும் தரவுகள் பொதுவில் கிடைக்கின்றன. கணினியும் ஆர்வமும் போதும். இயற்பியல் படிக்கும் உங்கள் பிள்ளைகளை அவற்றைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.